127 விநாடி

ஜூன் 3, செவ்வாய்

காலை 5.50-க்கு போன். "சார், நெட்வொர்க் ரிக்வெஸ்ட் ஃபெயில்டுன்னு செவப்புல வருது." தாராபுரம் பக்கத்து மேற்பார்வையாளர். அவர் குரலுக்குப் பின்னால் பால் கேன் உருளும் சத்தம், யாரோ யாரையோ ஏசும் சத்தம். ஆறரைக்குள் வேறு மையங்களிலிருந்தும் அதே வாசகம். பத்து மணிக்கெல்லாம் எந்த ஊர்க்காரர் என்ன சொன்னார் என்பது குழம்பிப்போய்விட்டது. அதனால்தான் இந்த நோட்டு.

ஏற்பாடு சிக்கலானது இல்லை. பால் ஊற்ற வருகிறவரின் பாலை எடை போட்டு, மெஷினில் வைத்துக் கொழுப்பும் எஸ்.என்.எஃப். என்ற கொழுப்பில்லாத திடப்பொருளும் பார்ப்பார்கள். எங்கள் ஆப் அந்த எண்களை சர்வருக்கு அனுப்பும். சர்வர் விலை போட்டுத் திருப்பி அனுப்பினால் சின்ன பிரிண்டரில் சீட்டு வரும். சீட்டு கைக்கு வராமல் யாரும் நகர மாட்டார்கள். பத்து நாளைக்கொரு முறை பட்டுவாடா அந்தச் சீட்டை வைத்துத்தான். இதற்குள் பால் வண்டி வந்து நிற்கும். குளிர்விக்கும் நிலையத்தில் 4 டிகிரிக்கு இறக்கும்வரை பாலுக்குப் பொறுமை கிடையாது.

மே கடைசியில் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சர்வர் பார்க்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்கள்.

ஜூன் 4, புதன்

அலுவலகத்தில் எல்லாம் ஓடுகிறது. எமுலேட்டரில் ஓடுகிறது, இழுப்பறையில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போன்களில் ஓடுகிறது. மேலாளர் தன் ஐபோனைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு வருதேப்பா." அவருக்கு வந்துவிட்டால் ஜில்லாவுக்கே வந்துவிட்டது என்று கணக்கு.

மேற்பார்வையாளர் தன் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறார்: அரை நிமிஷம் பார்த்தும் சீட்டு வராவிட்டால் ஏரோபிளேன் மோட் போட்டு எடுக்கவும்.

ஜூன் 6, வெள்ளி

இந்த வேலையில் நான் அதிகம் வெறுக்கும் வாசகம் இந்த "நெட்வொர்க் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு"தான். எது கெட்டாலும் இதே வாசகம் வந்து நிற்கும். எமுலேட்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது எமுலேட்டரையே குறிக்கும், நம் கம்ப்யூட்டரை அல்ல, அதற்கு 10.0.2.2 என்று கொடுக்க வேண்டும். புதிதாகச் சேரும் பையன்கள் எல்லாரும் முதல் வாரத்தில் இதில் விழுவார்கள். வரும் செய்தி: நெட்வொர்க் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-லிருந்து, பூட்டில்லாத வெறும் ஹெச்டிடிபி முகவரிக்கு ஆப் பேசக்கூடாது என்பதுதான் இயல்பான அமைப்பு. ஆப்பிள் இதை 2015-லேயே கொண்டுவந்துவிட்டது. அங்கேயும் அதே செய்தி. சர்வர் தன் சான்றிதழோடு நடுவிலுள்ள இணைப்புச் சான்றிதழை அனுப்ப மறந்தால், பிரௌசர் எங்கிருந்தாவது தேடி எடுத்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு ஆப் எடுத்துக்கொள்ளாது. அதே செய்தி. போனில் தேதி தப்பாக இருந்தால் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் பிறக்காததாகவோ தெரியும். அதற்கும் அதே செய்தி.

இன்று பொறுக்க முடியாமல் அந்த வாசகம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். எங்கள் ஆப்பைக் கட்டியிருக்கும் ரியாக்ட் நேட்டிவ் தன்னோடு கூட்டிக்கொண்டு வரும் ஃபெட்ச் கோப்பில் இருக்கிறது. கோரிக்கையை அனுப்பும் எக்ஸ்ஹெச்ஆர் பிழை என்று சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்காமல் இந்த வாசகத்தை எடுத்து மேலே அனுப்பு. அவ்வளவுதான், இரண்டு மூன்று வரி. காரணத்தை மறைப்பது பிரௌசரில் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இல்லாவிட்டால் எவனோ ஒருவனின் வலைப்பக்கம் நம் வீட்டு நெட்வொர்க்குக்குள் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். நியாயம்தான். ஆனால் சொந்த சர்வரோடு பேசும் சொந்த ஆப்பிலும் அந்த ரகசியம் எதற்கு? பிரௌசருக்குத் தைத்த சட்டையைக் கழற்றாமல் இங்கேயும் மாட்டிவிட்டார்கள்.

இதில் யாருக்கு லாபம் என்றால் எங்களுக்குத்தான். வாசகத்தைப் படிக்கிற எவருக்கும் "உன் நெட்வொர்க் சரியில்லை" என்றுதான் புரியும். பழி ஊர் மேலும் டவர் மேலும் போய்விடும்.

சான்றிதழ் வரிசையைச் சோதித்தேன். சரியாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

அம்மா: "பால்காரனுக்கு முன்னாடி நீ எந்திரிச்சர்ற."

ஜூன் 11, புதன்

தாராபுரம் தாண்டி ஒரு ஊர். "ரொம்ப மோசமான மையம் இதுதான், நீங்களே வந்து பாருங்க" என்று மேற்பார்வையாளர் கூட்டிப்போனார். முந்தின இரவே போய் லாட்ஜில் தங்கி, ஐந்தரைக்கெல்லாம் அங்கே இருந்தோம்.

ஓட்டுச் சாய்ப்பு. மேஜையில் எடைத் தராசு, பால் பார்க்கும் மெஷின், பிரிண்டர், ஒரு ரப்பர் பேண்ட் போட்ட ஆண்ட்ராய்டு போன். மையத்தை நடத்துவது ஒரு அக்கா, நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் "வாங்க தம்பி, டீ குடிக்கிறீங்களா, பால் குடிக்கிறீங்களா?" என்றார். மேற்பார்வையாளரிடம் எதுவும் கேட்கவில்லை.

முதல் ஆள் ஊற்றினார். 6.4 லிட்டர், கொழுப்பு 4.1. அக்கா பட்டனை அமுக்கிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேன் கழுவப் போய்விட்டார். மேற்பார்வையாளர் என் விலாவில் இடித்தார். "பாத்தீங்களா? சொன்னா கேக்கறதே இல்ல. ஏரோபிளேன் மோட் போடச் சொல்லியிருக்கு, போடறதே இல்ல. எல்லா மையமும் கம்ப்ளெயின்ட் பண்ணுது, இந்தம்மா அதுவும் பண்றதில்ல."

நான் போனை நிமிர்த்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. 4ஜி, கோடு முழுசாக. வரிசையில் நின்ற பெரியவர் தன் பேரனின் போனைக் காட்டினார். ஏதோ சினிமாப் பாட்டு தடையில்லாமல் ஓடியது. "இதெல்லாம் ஓடுது, உங்க ஆப்பு மட்டும் ஓடாதுங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிரிண்டர் சீட்டைத் துப்பியது. "மொத ஆளுக்குத்தானுங்க தம்பி இந்தப் பாடு. அமுக்கிட்டு ஒரு கேனு கழுவி வந்தா போயிருக்கும். அப்புறம் மளமளன்னு போவுதுங்க. ஆப்பை மூடாம இருந்தாப் போதும்." சாயங்காலமும் அப்படியா என்றேன். "சாயங்காலமும் மொத ஆளுக்கு."

அதன் பிறகு நான் இருந்தவரை ஒரு பிழையும் வரவில்லை. என் போனில், வேறு நிறுவனத்து சிம்மில், ஆப் முதல் தடவையே உடனே ஓடியது. அந்தப் பக்கத்து மையங்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே நிறுவனத்து சிம். கோளாறு டவரில் என்று எழுதிக்கொண்டேன். மேற்பார்வையாளருக்கு அது பிடித்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. அக்கா கையிலிருந்து மையத்தை மாற்றி வேறொருவருக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறதாம். வண்டி ஏறும் முன் மேற்பார்வையாளர் சொன்னது.

ஜூன் 12, வியாழன்

சிம் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். முதலில் ஒரு பாட்டு, பிறகு ஒரு பெண் குரல், பிறகு மறுபடி பாட்டு.

ஜூன் 15, ஞாயிறு

மழை. மின்சாரம் போய் பிராட்பேண்டும் போனது. மச்சான் வந்திருந்தார். அவர் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கிக்கொண்டு வேறு வேலையாக உட்கார்ந்தேன். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் ஒரு கர்ல் கட்டளை தட்டினேன். பதில் உடனே வந்தது. ஆனால் பதிலுக்கு மேலே "ட்ரையிங்" என்று இரண்டு வரி இருந்தது. எப்போதும் ஒரு வரிதான் இருக்கும். முதல் வரியில் பெருக்கல் வாய்ப்பாடு நீளத்துக்கு ஒரு ஐபிவி6 முகவரி, இரண்டாவதில் நமக்குப் பழகிய நாலு எண் முகவரி. இணைந்தது இரண்டாவதில்.

வி6 வழியாக மட்டும் போ என்று கட்டளையை மாற்றிக் கொடுத்தேன். நின்றுவிட்டது. மறுப்பும் இல்லை, பதிலும் இல்லை. இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனபிறகுதான் கைவிட்டது. மச்சான் "சாப்பிட வரலீங்களா மாப்ள?" என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை.

மச்சானின் சிம் அந்த நிறுவனத்தினுடையதுதான்.

ஜூன் 16, திங்கள்

ஆப்புக்கு அடியில் ஓடும் ஓகேஹெச்டிடிபியில் ஈவென்ட் லிஸ்னர் போட்டு ஒரு சோதனைப் பதிப்பு கட்டினேன். மச்சானின் சிம்மைக் கடன் வாங்கிப் போட்டேன். லாகில் எல்லாம் வரிசையாக விழுந்தது. வி6 முகவரிக்கு இணைப்பு தொடக்கம். 127 விநாடி மௌனம். தோல்வி. வி4-க்குத் தொடக்கம். கண் சிமிட்டும் நேரத்தில் இணைப்பு.

127 எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். லினக்ஸ் ஒரு கதவைத் தட்டிப் பதில் வராவிட்டால் 1 விநாடி பொறுத்து மறுபடி தட்டும், பிறகு 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 64 வரை போகும். கூட்டினால் 127. ரியாக்ட் நேட்டிவ் அதற்குக் காலக்கெடு எதுவும் வைப்பதில்லை. கதவு சாத்தியிருந்தாலாவது உடனே "இல்லை" என்று பதில் வரும். இங்கே தட்டுவதே யார் காதிலும் விழவில்லை.

புது சர்வருக்கு டிஎன்எஸ்ஸில் வி6 முகவரியும் கொடுத்திருக்கிறார்கள். ஃபயர்வாலில் 443 என்ற கதவைத் திறந்தபோது 0.0.0.0/0-க்கு மட்டும் திறந்திருக்கிறார்கள். அது வி4 உலகம். வி6-க்கு ::/0 என்று தனியாக ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லை. அலுவலக பிராட்பேண்டில் வி6 கிடையாது, அதனால் எங்களுக்குத் தெரியவே வாய்ப்பில்லை. பிரௌசரும் ஐபோனும் கர்லும் ஹேப்பி ஐபால்ஸ் என்ற முறையில் போகின்றன: வி6-ஐத் தட்டிவிட்டு, கால் விநாடி அளவில் பதில் இல்லையென்றால் வி4-ஐயும் தட்டும், எது முதலில் திறக்கிறதோ அதில் நுழையும். இணையத் தரநிலையாகவே 2012-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்டது. ஓகேஹெச்டிடிபிக்கு அந்தப் புத்தி 5-ஆம் பதிப்பில்தான் வந்தது. எங்கள் ஆப்பில் இருப்பது 4. அது ஒன்று முடிந்தபிறகுதான் அடுத்ததைத் தொடும்.

ஒரு முறை தோற்ற வழியை அது நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை கடைசிக்குத் தள்ளும். அதனால் முதல் பதிவுக்கு மட்டும்தான் தாமதம். ஆப்பை மூடினால் அந்த நினைவு அழிந்துபோகும். நடுவில் ஏரோபிளேன் மோட் போட்டால் இன்னும் மோசம். வி6 முயற்சி அறுந்து, நெட் இல்லாத நேரத்தில் வி4-உம் தோற்று, இரண்டுமே தோற்றவை என்று பதிவாகும். செவப்பு வாசகம் வருவது அப்போதுதான். இரண்டும் தோற்றவை என்றால் வரிசை மாறாது. அடுத்த தடவை மறுபடி வி6-லிருந்து ஆரம்பம், மறுபடி 127.

ஆக, சுற்றறிக்கைதான் பிழையை உற்பத்தி செய்துகொண்டிருந்திருக்கிறது.

மதியம் இரண்டு பிளேட் பரோட்டா சாப்பிட்டேன். மேலாளர் கேட்டதற்கு வரைபடம் போட்டு விளக்கினேன். "டவர் இல்லன்னா சரி" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

சர்வர்காரர்களுக்கு ஆதாரத்தோடு மெயில். மாலை பதில் வந்தது: "செக் பண்ணியாச்சு ப்ரோ, இப்ப ஓகே." டிஎன்எஸ் அப்படியேதான் இருக்கிறது, ஃபயர்வாலில் வரி ஏறியிருக்கிறது. என்ன ஓகே, எது ஓகேயாக இல்லை என்று ஒரு சொல் கிடையாது.

ஜூன் 18, புதன்

காலையில் போன் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வந்து, அது வரட்டும் என்று காத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜூன் 21, சனி

சர்வரில் பதிவான நேரங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். தாராபுரம் தாண்டிய அந்த மையத்தில் தினம் இரண்டு வேளையும் முதல் பதிவு மட்டும் இரண்டு நிமிஷம் பிந்தியிருக்கிறது. மற்றவை வரிசை தப்பாமல். சுற்றறிக்கைப்படி நடந்த மையங்களில் பாதிப் பதிவு காணோம், பல இரட்டித்திருக்கின்றன. இதை அட்டவணையாக்கி, "மையத்தை நடத்துபவரிடம் எந்தக் குறையும் இல்லை" என்று தனி வரி சேர்த்து, கிளை அலுவலகத்துக்கு அனுப்பினேன். மேற்பார்வையாளருக்கும் நகல்.

ஜூன் 26, வியாழன்

பதில் இல்லை. மேற்பார்வையாளரிடம் போனில் கேட்டேன். "அது நிர்வாகம் பாக்கற விஷயம் சார். நீங்க ஆப்பைப் பாருங்க." மாத முதல் தேதிக்கு மேல் முடிவாகும் என்றார். சுற்றறிக்கையை வாபஸ் வாங்கியாச்சா என்றேன். "இப்பத்தான் நல்லா ஓடுதே, அதை எதுக்கு எடுக்கணும்?"

ஜூலை 2, புதன்

6.05-க்கு போன். அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு மையம். அதே வாசகம். படுக்கையிலிருந்தே வி6-ஐச் சோதித்தேன், கதவு திறந்துதான் இருக்கிறது. காரணத்தையும் சேர்த்துக் காட்டும் பதிப்பைப் போன வாரமே வெளியிட்டாயிற்று. இவர் போனில் அது இன்னும் ஏறவில்லை.

"போன்ல என்ன தேதி காட்டுது, பாத்துச் சொல்லுங்க."

"இன்னிக்குங்களா? புதன்கெழமைங்க."

"கெழமை இல்லீங்க, போன்ல. தேதி, வருஷம்."

"ஆளுக நிக்கிறாங்க, எடை போட்டுட்டு கூப்பிடறனுங்க."