62 ஏக்கரும் ஒரு கைநாட்டும்

கிராமத்துல நிலம் வாங்கப் போனா விலைக்கு முன்னாடி ஒரு கேள்வி வரும்: "வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்களா?" ஒரு கையெழுத்து விட்டுப்போனா என்ன ஆகும்னு கேக்குறவங்களுக்கு நான் அன்னெகே யான்ஸ் கதையைச் சொல்வேன். நார்வேயில பிறந்து, நியூயார்க் டச்சுக்காரங்க கையில இருந்த காலத்துல அங்க குடியேறின பொம்பளை. 'யான்ஸ்'னா யானோட மகள். நம்ம இனிஷியல் மாதிரிதான். ரெண்டு கல்யாணம் ஆகியும் அந்தப் பேர் மாறல.

1636-ல முதல் புருஷன் ரூலோஃப் யான்சனுக்கு மன்ஹாட்டன்ல 62 ஏக்கர் கிடைச்சது. சீக்கிரமே அவர் இறந்துட்டார். ரெண்டாவதா கட்டிக்கிட்ட பாதிரியார் எவரார்டஸ் போகார்டஸ் 1647-ல கப்பல் உடைஞ்சு கடலோட போனார். 1654-ல நிலம் விதவை அன்னெகே பேருக்கே பட்டா ஆச்சு.

1663 ஜனவரியில, இன்னைக்கு ஆல்பனின்னு சொல்ற ஊர்ல, நோட்டரி முன்னாடி உயில் எழுதினாங்க. நிலம் முதல் புருஷன் வழியில வந்தது. அதனால அதை வித்தா, அவருக்குப் பிறந்த பிள்ளைங்க வகைக்கு முதல்ல 1000 கில்டர் எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தை ஆண், பெண் வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் பிரிக்கணும். பேரப்பிள்ளைங்க சிலருக்கு வெள்ளிக் குவளை. உயில்ல கறவை மாடுகூட வருது. கடைசியில அன்னெகே போட்டது கைநாட்டு.

1671-ல வாரிசுங்க நிலத்தை ஆங்கிலேய கவர்னருக்கு வித்தாங்க. மகன் கொர்னேலிஸ் அதுக்கு முன்னாடியே இறந்திருந்தார். அவர் வழி வாரிசோட கையெழுத்து பத்திரத்துல இல்ல. 1705-ல இங்கிலாந்து ராணி அந்த நிலத்தை டிரினிட்டி சர்ச்சுக்குக் கொடுத்தாங்க. மன்ஹாட்டன் விலை ஏற ஏற, அந்த ஒரு கையெழுத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தலைமுறை தலைமுறையா வழக்கு. 1847-ல கோர்ட்டு, சர்ச்சோட நீண்டகால அனுபவ பாத்தியதை செல்லும்னு முடிச்சது. அதுக்கப்புறமும் 'உனக்கும் பங்கு இருக்கு'ன்னு சொல்லி வாரிசுங்ககிட்ட காசு பிடுங்கினவங்க உண்டு.

நிலம் திரும்பல. ஆனா, எழுதத் தெரியாத ஒரு அம்மாவோட மகள்கள் சாரா, கத்ரினா, அவங்க புருஷனுங்க, பேரன் பேத்திங்க பேர் எல்லாம் 350 வருஷம் கழிச்சும் தெரியுது. வம்சத்தைத் தேடுறவங்களுக்கு அந்த உயில்தான் ஆதாரம்.

நம்ம பக்கத்துப் பழைய பத்திரங்களைப் புரட்டிப் பாருங்க. பாட்டன், பூட்டன் பேர் இருக்கும். பொம்பளைங்க பெரும்பாலும் 'இன்னார் மனைவி'ன்னு ஒரு ஓரத்துல இருப்பாங்க. தமிழ்நாட்டுல மகளுக்கும் பூர்வீகச் சொத்துல சமபங்குன்னு சட்டம் வந்ததே 1989-லதான். இன்னைக்கும் நிறைய வீட்டுல அக்கா தங்கச்சியைக் கூப்பிட்டு, ஒரு புடவையைக் கையில குடுத்து, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிடுறோம்.

பட்டணத்துல இருக்கிற நீங்களும் ஒருநாள் ஊருக்கு வந்து கையெழுத்துப் போடுவீங்க. அந்தப் பத்திரத்துல அக்கா தங்கச்சிக்கு என்ன பங்குன்னு முதல்ல படிச்சுப் பாருங்க. பேனாவை அப்புறம் எடுக்கலாம்.