சி, ஏ, டி... சியேடி!

எங்கள் சின்னவனுக்கு ஏழு வயது. போன வருஷம் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம். புரட்சியெல்லாம் ஒன்றுமில்லை. இங்கிலீஷ் வாசிக்க எழுப்பிவிட்டால் பையனுக்குத் தினமும் வயிற்றுவலி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரவில்லை.

ஆபீஸில் சொன்னேன். பக்கத்து சீட்காரர் ஃபைலை மூடிவிட்டார்.

"அப்ப டென்த் எப்படி சார் எழுதுவான்?"

"தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கு சார். 14 வயசு ஆனா எழுதலாம்."

"அதுக்கு மொதல்ல வாசிக்கத் தெரியணுமே!"

அன்று மதியம் தயிர்சாதம் இறங்கவில்லை.

நமக்கெல்லாம் பயம் வந்தால் என்ன செய்வோம்? எதையாவது வாங்குவோம். நானும் வாங்கினேன். வழவழ பேப்பரில் பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரு வரி. இரண்டே வாரத்தில் பையன் சரளமாக வாசித்தான். மாமனாருக்கு ஃபோன் போட்டுப் பெருமையடித்தேன். அன்று ராத்திரியே குட்டு உடைந்தது. தவறுதலாக இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினான். புரட்டாத பக்கத்தையும் அட்சரம் பிசகாமல் 'வாசித்தான்'! அடுத்த பக்கத்தில் 'பப்பி' என்று அச்சடித்திருந்ததை, படத்தைப் பார்த்து 'டாக்' என்றான். படத்தைக் கையால் மறைத்தேன். மௌனம். பிறகு, "வயிறு வலிக்குதுப்பா."

அடுத்தது அட்டைகள். ஒவ்வொரு வார்த்தையையும் முழுசாகப் பார்த்து, உருவத்தை மனசில் பதிக்க வேண்டுமாம். டாக்டர் ஸூஸ் 1957-ல் எழுதிய 'தி கேட் இன் தி ஹேட்' புத்தகத்தில் இருப்பது வெறும் 236 வெவ்வேறு வார்த்தைகள்தான். அத்தனையையும் உருப்போட்டு விடலாம், சரி. 237-ஆவது வார்த்தை எதிரே வந்தால்?

"இன்னும் எத்தனை பெட்டி வாங்கப் போறீங்க? அவனை யார்கிட்டயாவது காட்டலாம்" என்றாள் மனைவி. சிறப்புக் கல்வி டீச்சர் ஒருவரிடம் போனோம். கண் டெஸ்ட், காது டெஸ்ட் ஆயிற்றா என்று முதலில் கேட்டார். ஆகியிருந்தது. புத்தகத்தையே தொடாமல் பையனோடு விளையாட ஆரம்பித்தார்.

"'கேட்'னு சொல்லு. அதுல முதல் சத்தத்தை எடுத்துட்டா மிச்சம் என்னடா கண்ணு?"

பையன் ரொம்ப யோசித்தான். "வால்!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இங்கதான் சார் சிக்கல். அவனுக்குப் பூனை தெரியுது. அந்த வார்த்தைக்குள்ள மூணு சத்தம் இருக்கிறது காதுல விழலை."

எனக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. சி, ஏ, டி சேர்த்தால் என்னடா என்று நான் கேட்டபோது 'சியேடி' என்றான்; அதட்டியிருக்கிறேன். யோசித்தால் அவன் சொன்னதுதான் நியாயம். தமிழில் 'ப'வின் பெயரும் 'ப', ஓசையும் 'ப'. அதனால்தான் 'பட்டம்', 'படகு' எல்லாம் தட்டுத் தடுமாறியாவது வந்தன. இங்கிலீஷில் பெயர் ஒன்று, சத்தம் வேறு. இதை யாருமே அவனுக்குச் சொல்லவில்லை, நான் உள்பட.

"எந்தப் பெட்டி வாங்கட்டும் மேடம்?" (திருந்துகிற ஜென்மமா?)

"எதுவானாலும் சரி. ஓசையிலேர்ந்து ஆரம்பிக்கணும். சொல்லிக்கொடுத்த எழுத்துகளை வெச்சே கதை இருக்கணும். படத்தைப் பார்த்து ஊகின்னு சொன்னா கீழே வெச்சுடுங்க."

அப்படிப் பார்த்ததில் இரண்டு தேறின. ஒன்று 'ஜாலி ஃபோனிக்ஸ்'. எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று முதல் ஆறு எழுத்துகள் முடிந்ததுமே 'பின்', 'டின்' என்று வார்த்தை கட்டலாம். இன்னொன்று, அமெரிக்காவில் ஸீக்ஃப்ரிட் எங்கெல்மான் இன்னும் இருவரோடு சேர்ந்து 1983-ல் எழுதிய, நூறு பாடம் கொண்ட ஒற்றைப் புத்தகம். தினம் இருபது நிமிஷம். முதல் பாடத்திலேயே ம்ம்ம்ம், ஸ்ஸ்ஸ்ஸ். இழுக்கக்கூடிய சத்தமாக இருந்தால், விடாமல் அடுத்ததோடு ஒட்டலாம். 'ட்'டை இழுக்க முடியாதல்லவா? 'ம்ம்ம்ம்' என்பது கல்யாணமான ஆண்களுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கமுள்ள சத்தம். இதையே எடுத்தோம்.

கூடவே ஒரு மணல் தட்டு. வாயால் சத்தத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இல்லாததா! எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் புகுத்தி, 1797-ல் லண்டனில் புத்தகமே போட்டார். உடனே 'எல்லாம் நம்ம முன்னோர்கள்...' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். திண்ணையில் பிரம்பும் இருந்தது.

புத்தகம் சரியாகத்தான் இருந்தது. என் வாய்தான் சரியில்லை. அவன் திணறினால் மூன்று விநாடிகூட எனக்குப் பொறுக்காது, விடையைச் சொல்லிவிடுவேன். "நீங்க படிச்சு முடிச்சிட்டீங்க, அவனைப் படிக்க விடுங்க" என்று மனைவி என்னைக் கூடத்துக்கு விரட்டினாள். நூறு பாடம் நூறு நாளில் முடியும் என்பதையும் நம்பாதீர்கள். சில பாடங்களுக்கு எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. வயிறு முன்னால் தள்ளிய எழுத்தும் பின்னால் தள்ளிய எழுத்தும் இன்னும் அவனுக்கு ஒன்றுதான்.

போன மாசம் பேக்கரி வாசலில் நின்றோம். கரும்பலகையில் சாக்பீஸால் சின்ன எழுத்தில் இங்கிலீஷ். பையன் விரலை நீட்டினான்.

"டன்..." நிறுத்தினான். உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தான். "பன்!"

அடுத்த வார்த்தை நீளம். நின்றுவிட்டான். எனக்கு நாக்கு துடித்தது. மனைவி இடுப்பில் கிள்ளினாள். கடைக்காரர், "சார், என்ன வேணும்?" என்றார்.

"ஒரு நிமிஷங்க..."

பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.

"ப்...ப...பட்...பட்டர்! அப்பா, பன் பட்டர் ஜாம்ப்பா!"

"அதேதான் தம்பி. எத்தனை?" என்றார் கடைக்காரர்.

"மூணு" என்றான்.