காசுக்காரரின் பலகை

என் பெரியப்பா சில்லறை மாற்றிக்கொடுப்பவர். அப்படியொரு தொழில் இருந்தது என்பதே இன்று பலருக்குத் தெரிந்திருக்காது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் ராமநவமியை ஒட்டித் தேர்த்திருவிழா நடக்கும்போது அங்கே உட்கார்ந்திருப்பார். பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவிலில், விசேஷ நாட்களை விட்டால், திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அந்த இரண்டு நாட்களும் அவருக்கு வேலை நாட்கள். நான்கு செங்கற்களின் மேல் ஒரு பலகை. அதன்மேல் அடுக்கடுக்காக ஐந்து பைசா, பத்துப் பைசா, கால் ரூபாய். உண்டியலில் இடுவதற்கும், வாசலில் வரிசையாக அமர்ந்திருக்கும் இரவலர்களுக்கு ஆளுக்கொன்றாக இடுவதற்கும் சில்லறை வேண்டியவர்கள் அவரிடம் வருவார்கள். ரூபாய்க்கு ஐந்து பைசா பிடித்துக்கொள்வார். அந்தக் கழிவுக்கு ‘வட்டம்’ என்று பெயர். பழைய தமிழ் அகராதிகளிலும் இந்தச் சொல் இந்தப் பொருளோடு இருக்கிறது என்பதைப் பிற்பாடு கண்டபோது, ஏதோ குடும்பப் பெருமை கிடைத்ததுபோல மகிழ்ந்தேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரின் திருவிழாவில், நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் அந்தப் பலகையைக் காலால் எற்றிவிட்டார். கோவில் வாசலில் வட்டிக்கடை வைத்திருக்கிறாயா என்று கேட்டார். காசுகள் மணலில் சிதறின. கூட்டத்தில் சிலர் பொறுக்கித் தந்தார்கள். சிலர் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. நானும் அவரும் இருட்டும்வரை விரலால் மணலைத் துழாவிக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆண்டு ஒரு கிறித்தவப் பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். நல்லொழுக்க வகுப்பில் ஆசிரியர் ஒருவர், இயேசு எருசலேம் ஆலயத்துக்குள் புகுந்து வணிகர்களை விரட்டிய கதையைச் சொன்னார். அருமையான கதைசொல்லி அவர். காசுக்காரரின் பலகையைக் கவிழ்க்கும் இடம் வந்ததும் மேசையைத் தூக்கிச் சாய்த்துக் காட்டினார். வகுப்பு முழுவதும் ஆரவாரம் செய்தது. எனக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. நான் பார்த்தது மணலில் உருண்ட பத்துப் பைசாவை.

அன்று மாலை பெரியப்பாவிடம் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “பெரிய மனுசரு, கோவப்பட்டா அதுல நியாயம் இருக்கும்டா தம்பி” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனா அன்னைக்கு அந்த சனங்க சில்லறைக்கு எங்க போயிருப்பாங்க?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியவன், இன்னும் படித்து முடித்தபாடில்லை. நான் கிறித்தவன் அல்லன். இறையியல் கற்றவனும் அல்லன். படித்தவரையில் விளங்கியதைச் சொல்கிறேன்.

இருபது வயது நிறைந்த ஒவ்வொரு யூத ஆணும் ஆண்டுக்கொரு முறை ஆலயத்துக்கு அரைச் சேக்கல் வெள்ளி செலுத்தவேண்டும். யாத்திராகமம் முப்பதாம் அதிகாரம் இதற்கு அடிப்படை. செல்வர் கூடுதலாகத் தரக்கூடாது, ஏழை குறைக்கக்கூடாது. அந்தப் பொதுப் பணத்திலிருந்துதான் காலையும் மாலையும் மக்கள் அனைவரின் சார்பிலும் பலி நடந்தது. ஊர் ஊராகப் புழங்கிய பலவகை நாணயங்களை ஆலயம் ஏற்கவில்லை. தீர் நகரத்து வெள்ளிக்காசு மட்டுமே செல்லும். ஆகவே மாற்றித் தர ஆள் வேண்டும். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூல் இதை விரிவாகவே பேசுகிறது. ஆதார் மாதம் பதினைந்தாம் நாள் வெளியூர்களில் பலகை போடுவார்கள்; இருபத்தைந்தாம் நாள் ஆலயத்திலேயே போடுவார்கள். மாற்றுவதற்கு ஒரு சிறு கழிவும் உண்டு. அதை ‘கொல்போன்’ என்றார்கள். நம்முடைய வட்டம்தான்!

ரோமப் பேரரசரின் உருவம் பொறித்த காசு தீட்டு என்பதால்தான் மாற்றினார்கள் என்று பிரசங்கங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் வெகுகாலம் அதை நம்பினேன். ஆனால் தீர் நகரத்துக் காசின் ஒருபுறம் மெல்கார்ட் என்னும் அந்நியத் தெய்வத்தின் தலை இருக்கிறது, மறுபுறம் கழுகு. உருவமே தடையென்றால் இதை முதலில் தள்ளியிருக்கவேண்டும். அந்தக் காசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெள்ளி இருந்தது, அதுதான் காரணம். எந்தக் கோவில் கணக்கரும் இதைப் புரிந்துகொள்வார். கோவிலுக்குள் பணம் புழங்குவது நமக்கும் புதிதல்லவே. தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகள், கோவில் பணத்தை ஊர்ச்சபைகளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டிக்குக் கொடுத்ததைப் பைசா பிசகாமல் குறித்து வைத்திருக்கின்றன.

இயேசுவே இந்த வரியைச் செலுத்தியதாக மத்தேயு எழுதுகிறார். மீனின் வாயில் கிடைத்த காசைத் தனக்கும் பேதுருவுக்குமாகக் கொடுக்கச் சொல்கிறார். அது ஒரு முழுச் சேக்கலுக்கு இணையான காசு. இரண்டு பேரின் கணக்குக்குச் சரியாக இருக்கிறது. வரியே பிழையென்று அவர் கருதினார் என்று அப்படியே சொல்லிவிட முடியாது.

அப்படியானால் பலகையை ஏன் கவிழ்த்தார்?

வழக்கமான விடை, வணிகர்கள் கொள்ளை லாபம் அடித்தார்கள் என்பது. அதற்கும் ஆதாரம் இல்லாமலில்லை. புறா விலை பற்றி மிஷ்னாவில் ஒரு செய்தி இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்கள் காணிக்கையாகத் தரவேண்டிய புறா இணை, ஒரு சமயம் எருசலேமில் ஒரு பொன் தினாருக்கு ஏறிவிட்டது. அது இருபத்தைந்து வெள்ளித் தினாருக்குச் சமம். சிமியோன் பென் கமாலியேல் என்ற அறிஞர், இன்றிரவு உறங்குமுன் விலையை இறக்குவேன் என்று சூளுரைத்தார். ஐந்து பேறுகளுக்குப் பாக்கி வைத்திருக்கும் பெண்ணும் ஓர் இணை தந்தால் போதும், மற்றவை கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தார். தேவை குறைந்தது. அன்றே இணையின் விலை கால் வெள்ளித் தினாருக்கு வந்துவிட்டதாம். அவர் ஒரு பலகையையும் தொடவில்லை. பெரியப்பாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருக்கும். நான் இதைப் படித்தபோது அவர் இல்லை.

ஆனால் சுவிசேஷங்கள் எதுவும் விலையைப் பற்றியோ வட்டத்தைப் பற்றியோ பேசவில்லை. விற்றவர்களோடு வாங்கியவர்களையும் இயேசு விரட்டியதாக மாற்கு சொல்கிறார். ஏமாற்றப்பட்டவனையும் சேர்த்து விரட்டுவது என்ன நியாயம்? கோபம் வேறொன்றின்மேல் இருந்திருக்கவேண்டும்.

அந்த இடத்தைப் பார்த்தால் ஓரளவு விளங்குகிறது. ஏரோது விரிவாக்கிய ஆலய மேடை சுமார் 35 ஏக்கர். அதன் வெளிமுற்றம்வரை யூதரல்லாதவரும் வரலாம். உள்ளே ஒரு தடுப்புச் சுவர். அதைத் தாண்டும் அந்நியனுக்குச் சாவுதான் என்று கிரேக்க மொழியில் கல்லில் வெட்டியிருந்தார்கள். அந்தக் கல்லே 1871ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது, இஸ்தான்புல்லில் இருக்கிறது. சந்தை நடந்தது அந்த வெளிமுற்றத்தில் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. உள்ளே போக முடியாதவன் நின்று வேண்டுவதற்கு இருந்த ஒரே இடத்தில் மாடும் ஆடும் கூச்சலும். இயேசு ஏசாயாவின் சொற்களை நினைவூட்டியபோது, அது எல்லா இனத்தாருக்குமான வேண்டுதல் வீடு என்ற பகுதியை மாற்கு மட்டுமே விடாமல் எழுதியிருக்கிறார். வெளியே நிறுத்தப்படுவது என்றால் என்னவென்று நம் ஊர்க் கோவில் வாசல்களில் தலைமுறை தலைமுறையாக நின்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து அவர் எடுத்தாண்டது எரேமியாவை. கொள்ளையரின் குகை என்ற அந்த உருவகத்தைத் திருடர்கள் தொழில் செய்யும் இடம் என்று நாம் படித்துவிடுகிறோம். குகையில் யாரும் கொள்ளையடிப்பதில்லை. வெளியே அடித்துவிட்டுப் பத்திரமாகப் பதுங்குகிற இடம் குகை. ஏழையை ஒடுக்கிவிட்டு ஆலயத்துக்குள் வந்து நின்றால் காப்பாற்றப்பட்டுவிடுவோம் என்று நம்பியவர்களிடம் எரேமியா பேசினார். அந்த முதல் ஆலயம் அவர் காலத்திலேயே பாபிலோனியரால் இடிந்தது. அந்த அர்த்தத்தில் பார்த்தால் குற்றவாளி பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அல்லன். அவன் பலகை இடம் கண்ணுக்குத் தெரிகிற இடம், அவ்வளவுதான்.

ஈ.பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் 1985இல் எழுதிய நூலில், இது தூய்மைப்படுத்தலே அன்று, ஆலயம் வீழப்போகிறது என்பதைச் செயலால் காட்டிய குறிப்பு என்றார். யூத அறிஞர் ஜேக்கப் நியூஸ்னரோ, காசுக்காரர் இல்லாமல் அரைச் சேக்கல் இல்லை, அது இல்லாமல் பொதுப்பலி இல்லை. ஆகவே பலகையைக் கவிழ்த்தது அந்தப் பலிமுறையையே மறுத்த செயல் என்கிறார். பெரியப்பாவின் கேள்வியை நெருங்கி வந்தவர் இவர்தான். ஆலயமோ கி.பி. 70இல் ரோமரால் எரிந்தது. ஆனால் வரி மட்டும் நிற்கவில்லை. பேரரசர் வெஸ்பாசியன் அதையே ரோமாபுரியின் ஜூபிடர் கோவிலுக்குச் செலுத்தும்படி ஆணையிட்டார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு சிறு செய்தி. சவுக்கும் ஆடுமாடும் காசு கொட்டப்பட்டதும் யோவானில் மட்டுமே வருகின்றன. அதே யோவானில், புறா விற்பவர்களிடம் வந்ததும் அவர் கூண்டைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்கிறார். காசைப் பொறுக்கலாம், பறந்த புறாவைப் பொறுக்க முடியாது என்பதாலா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. புறா ஏழைகளின் காணிக்கை. ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவர்கள் புறா கொண்டுவரலாம் என்பது லேவியராகமச் சட்டம். குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது மரியாளும் யோசேப்பும் செலுத்தவந்த காணிக்கையும் அதுதான் என்று லூக்கா எழுதுகிறார். கலிலேயாவிலிருந்து வந்த தச்சர் அந்தப் பறவைகளை எங்கே வாங்கியிருப்பார்? ஆலய வாசலில் கூண்டோடு நின்ற ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம்.

இந்த நினைப்போடுதான் சில ஆண்டுகளுக்கு முன் ஏலாக்குறிச்சிக்குப் போனேன். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஊர். இத்தாலியிலிருந்து 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் இங்கே அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அவருடைய தேம்பாவணியின் தலைவன் யோசேப்பு. 3615 பாடல்கள், ஒரு தச்சருக்காக! ‘வளன்’ என்று அவருக்கு ஒரு தமிழ்ப் பெயரும் சூட்டினார். வளன் என்றால் செழிப்பு. புறாவுக்கு மேல் வழியில்லாதவருக்கு அந்தப் பெயர்.

கோவிலுக்கு வெளியே மெழுகுவர்த்திக் கடைகள் இருந்தன. ஒரு முதிய பெண்மணியிடம் நான்கு மெழுகுவர்த்தி கேட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். “சில்லறை இல்லியே சாமி” என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் பேரனிடம் தாளைக் கொடுத்துப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார். கால் ரூபாயும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011ஆம் ஆண்டு ஜூன் முடிவோடு செல்லாதவையாகிவிட்டன. பெரியப்பாவின் பலகை எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பையன் ஓடிவந்தான். தாள்களும் சில நாணயங்களும். எண்ணிப் பார்த்தேன். வட்டம் பிடிக்கவில்லை.