ஏழு நாள் மௌனம்



ஊழியப் பயணம் என்றவுடன் மேடையும் ஒலிபெருக்கியும் திரளான கூட்டமுமே நம் நினைவுக்கு வருகின்றன. 2007-ஆம் ஆண்டு நிக்கோபார் தீவுகளில் ஒன்றாகிய கட்சாலுக்குப் புறப்பட்டபோது, என் பையில் ஐந்து பிரசங்கக் குறிப்புகள் இருந்தன. முதல் மூன்று நாட்களில் அவற்றில் ஒன்றையும் நான் பிரசங்கிக்கவில்லை. அதன் காரணத்தை இன்று உங்களுக்கு முன்பாக அறிக்கையிடுகிறேன்.

கட்சால் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பகுதி. அரசின் அனுமதிச் சீட்டின்றி வெளியார் அங்கே கால்வைக்க முடியாது. அங்குள்ள தமிழ் விசுவாசிகளைச் சந்திக்கவே நான் அனுமதி பெற்றுச் சென்றேன். தமிழர் அங்கே எப்படி வந்தார்கள் என்று கேட்பீர்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து தாயகம் அனுப்பப்பட்டோரில் சில குடும்பங்கள், கட்சாலின் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டன. பிழைப்புக்காக ஊரை விட்டுப் பட்டணம் வந்த உங்களுக்கு அவர்களுடைய ஏக்கம் புரியும். அவர்களோ இருமுறை கடல் கடந்தவர்கள்.

2000-ஆம் ஆண்டின் முதல் சூரியக்கதிர் விழும் இடம் என்று உலகம் பேசிய தீவு அது. ஐந்தே ஆண்டுகளில், 2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாளாகிய ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை அதைச் சின்னாபின்னமாக்கியது. மேற்குக் கரையில் நிக்கோபாரியக் குடியிருப்புகள் அடியோடு போயின. மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் மிகுதியானோர் கிறிஸ்தவர்கள்.

அதற்கடுத்த வாரங்களில் என் சபைப் பிரசங்க பீடத்திலிருந்து நான் என்ன சொன்னேன் தெரியுமா? அது அவிசுவாசிகள்மேல் வந்த நியாயத்தீர்ப்பு என்றேன். விசுவாசிகள் சத்தமாய் ஆமென் சொன்னார்கள். அந்தச் செய்தியின் குறிப்பும் என் பையில் இருந்தது.

கட்சாலில் இறங்கிய அன்று மாலை, என்னை வரவேற்ற மூப்பர், "பாஸ்டர் ஐயா, கூட்டம் இருக்கட்டும். முதல்ல ஒவ்வொரு வீடா வந்து உட்காருங்க" என்றார். மூன்று நாட்கள் அப்படியே சென்றது. தேநீர் கொடுத்தார்கள், இறந்தவர்களின் பெயர்களைச் சொன்னார்கள், நான் கேட்டேன். மூன்றாம் நாள் இரவு, மகளை இழந்த ஒரு தாய் என்னை நோக்கி, "பாவத்துக்காகத்தான் அலை வந்துச்சின்னு ஒரு ஊழியக்காரர் சொன்னாராம். என் பிள்ளை அன்னைக்குக் காலையில ஆராதனைக்குப் புறப்பட்டுக்கிட்டு இருந்தா. அவ என்ன பாவம் செஞ்சா ஐயா?" என்று கேட்டார்கள்.

அவர்கள் சொன்ன ஊழியக்காரர் வேறொருவர். ஆயினும் என் மனச்சாட்சி என்னைக் குத்தியது. "அம்மா, நானும் அப்படியே பிரசங்கித்தேன். என்னை மன்னியுங்கள்" என்றேன். அவர்கள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு ராத்திரி மேட்டுல இருட்டுல நாங்க ஜெபம் பண்ணினோம். ஆண்டவர் எங்ககூட இருந்தார். அதை உங்க சபையில சொல்லுங்க" என்றார்கள்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரை அதிகப் பாவிகளென்று எண்ணாதபடி நம் ஆண்டவர் தடுத்ததை (லூக்கா 13:4) வேதாகமக் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்திருந்தேன். அன்று இரவே அதைக் கற்றுக்கொண்டேன். எசேக்கியேல் தீர்க்கதரிசியும் சிறைப்பட்டுப் போனவர்களிடத்தில் வந்தவுடன் வாய்திறக்கவில்லை. கேபார் நதியண்டையில் அவர்கள் நடுவே ஏழுநாள் பிரமித்து உட்கார்ந்திருந்தார் (எசேக்கியேல் 3:15). அதன்பின்பே கர்த்தருடைய வார்த்தை அவருக்கு உண்டாயிற்று.

இத்தீவுகளின் ஊழிய வரலாறும் இதையே போதிக்கிறது. கட்சாலுக்கு அருகிலுள்ள நன்கவுரியில் 1768 முதல் 1787 வரை, தரங்கம்பாடியிலிருந்து வந்த மொரேவிய சகோதரர்கள் பாடுபட்டார்கள். காய்ச்சலால் பலர் மடிந்தார்கள். கண்ட பலனோ மிகச் சொற்பம். பிற்பாடு கார் நிக்கோபாரில் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார் குடியிருந்து, சிறுவர்களுக்குப் பொறுமையோடு எழுத்தறிவித்தார். அவரிடம் பயின்ற ஒரு சிறுவனே பின்னாளில் நிக்கோபாரியரின் முதல் பேராயராகிய ஜான் ரிச்சர்ட்சன். அவர் புதிய ஏற்பாட்டைத் தம் ஜனங்களின் மொழியில் தந்தார்.

பிரியமானவர்களே, உங்கள் பக்கத்து வீட்டில் துக்கம் நேர்ந்திருக்கிறதா? வசனத்தோடு ஓடுவதற்குமுன் சற்று உட்காருங்கள். அவர்கள் பேசட்டும். நாம் ஆண்டவரை அங்கே கொண்டுபோகிறதில்லை. அவர் நமக்கு முன்னே அங்கே இருக்கிறார்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறன்று, அந்தப் பழைய செய்திக்காக என் சபையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் சொல்லச் சொன்னதையும் சொன்னேன். அன்று சத்தமான ஆமென் எழும்பவில்லை. அநேகர் முழங்காற்படியிட்டார்கள்.

கர்த்தர் தாமே நமக்குக் கேட்கும் செவியைத் தந்தருளுவாராக. ஆமென்.