நாணல் ஆற்றில் ஏழு நாள் – 3

சென்ற பகுதியை இங்கிலாந்தின் ராக்ஸம் ரயில் நிலையத்தில், மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் விட்டிருந்தேன். கால் மணி நேரத்தில் மழை விட்டது. மகளும் பேரனும் நானும் ஆற்றுப் பாலம் வரை நடந்தோம்.

"பாட்டி, நீங்க படகு எடுத்த இடம் எது?" என்று கேட்டான் பேரன்.

அந்தச் சிறிய படகுத்துறை இப்போது இல்லை. அங்கே வெள்ளையடித்த விடுமுறை வீடுகள் வரிசையாக நிற்கின்றன. படகுகளைக் கரைக்கு இழுத்தேற்றும் சிமென்ட் சரிவு மட்டும் அப்படியே கிடந்தது. அதில் பதித்த இரும்புத் தண்டவாளம் துருவேறித் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மகள் அதன்மேல் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். "இங்கதாம்மா அப்பா என்னைத் தூக்கிப் படகுக்குள்ள விட்டார்" என்றாள். அன்று அவளுக்கு 9 வயது.

அது 1984 ஆகஸ்ட் மாதம். என் கணவர் நாரிச் நகரில் மருத்துவராக இருந்தார். நார்ஃபோக் பிராட்ஸ் என்ற நீர்நாட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு வருடம் குடியிருந்தும், அதை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தோம். ஒருநாள் இவர் பிளேக்ஸ் என்ற படகு வாடகை நிறுவனத்தின் விலைப்பட்டியல் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு படகுக்கும் ஒரு புகைப்படம், அதன் கீழே வீட்டு பிளான் போல ஒரு கோட்டுப் படம்: கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, கழிவறை எங்கே என்று. பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தப் படங்களின் மேல் விரலை ஓட்டி, யாருக்கு எந்தக் கட்டில் என்று ஒரு மாதம் சண்டை போட்டார்கள். பயணம் அங்கேயே தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை மதியம் படகை எடுத்து, அடுத்த சனி காலையில் திருப்பித் தர வேண்டும். வாடகைப் படகு உலகமே அன்று சனியிலிருந்து சனி வரைதான். எங்களுக்கு வந்தது மரப் படகு. சுமார் முப்பதடி நீளம், உள்ளே எங்கு பார்த்தாலும் வார்னிஷ் அடித்த மகாகனி மரம். கதவைத் திறந்ததும் வார்னிஷும் டீசலும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. இன்றும் எங்காவது அது மூக்கில் பட்டால் கால் தானாக நின்றுவிடுகிறது.

படகைக் கற்றுக்கொடுக்க ஓர் இளைஞர் வந்தார். நீல மேலங்கி, நகக்கண்ணில் கிரீஸ். எங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றில் ஒரு சுற்றுப் போனார். படகுக்கு பிரேக் கிடையாது, நிறுத்த வேண்டுமானால் பின்னோக்கிய கியரைப் போட வேண்டும் என்றார். சக்கரத்தைத் திருப்பினால் முன்பக்கம் திரும்புவதாகத் தோன்றும், உண்மையில் வீசிக்கொண்டு போவது பின்பக்கம், அதைக் கவனியுங்கள் என்றார். பிறகு தரைப்பலகையைத் தூக்கி, எஞ்சினுக்குப் பின்னால் இருந்த பித்தளைக் குமிழ் ஒன்றைக் காட்டினார். அதற்குள் கிரீஸ் இருக்கிறது. விசிறியைச் சுழற்றும் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில், ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அதுதான். தினமும் காலையில் கை இறுகும் வரை திருக வேண்டும். என் கணவர் அதை ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம், அவ்வளவுதான். நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றோம். நான்கு மிதவைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தார். உரிமம் கேட்கவில்லை, முன் அனுபவம் கேட்கவில்லை. கரையில் குதித்து, கயிற்றை அவிழ்த்து எங்கள் பக்கம் எறிந்துவிட்டுக் கையசைத்தார். ஒரு வீட்டையே எங்களிடம் விட்டுவிட்டு அவர் பாட்டுக்குத் திரும்பி நடந்தார். அந்த ஊரில் எங்களை யாரும் அப்படி நம்பியதில்லை. வீடு வாடகைக்குக் கேட்டுப் போனபோது, பெயரைக் கேட்டதும் குரல் மாறியவர்களைப் பார்த்திருந்தோம். அதனால்தான் அந்தக் கயிறு என் கையில் வந்து விழுந்த கணத்தை நான் மறக்கவில்லை.

முன்பின் தெரியாதவர் கையில் படகைக் கொடுக்கும் இந்த வழக்கத்துக்கு இங்கே நூறாண்டைத் தாண்டிய வயது. 1874-ல் ராக்ஸத்துக்கு ரயில் வந்தது. சரக்கு ரயிலுக்குப் போகப் போக, வெரி என்று அழைக்கப்பட்ட சரக்குப் படகுகளுக்கு வேலை குறைந்தது. ஒற்றைப் பாய்மரமும் பெரிய கறுப்புப் பாயும் கொண்ட படகுகள் அவை. சில படகுக்காரர்கள் கோடையில் சரக்கறையைக் கழுவிக் கட்டில் போட்டு, லண்டனிலிருந்து வந்தவர்களை ஏற்றிக்கொண்டார்கள். பிறகு உல்லாசத்துக்கென்றே வெரிகள் கட்டப்பட்டன. பியானோவோடு வாடகைக்குப் போனவையும் அவற்றில் உண்டு. இதே காலத்தில் ஜான் லாய்ன்ஸ் என்ற தச்சர், படுத்துறங்கும் அறையோடு சிறு பாய்ப்படகுகள் செய்து வாரக்கணக்கில் வாடகைக்கு விட்டார். உடன் படகோட்டி இல்லாமல் குடும்பமே ஓட்டிப் போகும் வழக்கம் அங்கிருந்து பரவியது. 1908-ல் பிளேக்ஸ் பல துறைகளின் படகுகளை ஒரே புத்தகத்தில் திரட்டி நாடெங்கும் அனுப்பத் தொடங்கியது. சரக்கு வெரிகளில் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று 1949-ல் சிலர் கூடி ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அவர்கள் காத்த ஆல்பியன், 1898-ல் கட்டப்பட்டது, இன்றும் இந்த ஆறுகளில் ஓடுகிறது.

நாங்கள் போன பியூர் ஆற்றில் வேக வரம்பு மணிக்கு நாலைந்து மைல்தான். கரையில் நாயோடு ஓடுபவர் நம்மை முந்திப் போவார். முதல் ஒரு மணி நேரம் அது பொறுக்கவில்லை. பிறகு கண் பழகியது. நாணல் தனித்தனித் தண்டாகத் தெரிந்தது. ஒவ்வொரு தண்டும் படகின் அலை வந்து தொட்டதும் ஒருமுறை தலைசாய்த்து நிமிர்ந்தது.

முதல் இரவு சால்ஹவுஸ் ஏரியில். இங்கே நங்கூரம் போடுவதில்லை. அடியில் இருப்பது குழைசேறு, நங்கூரத்தின் கொக்கி அதில் பிடிக்காது. அதற்குப் பதில் கயிற்றில் கட்டிய கனமான இரும்புக் குண்டை இறக்குகிறார்கள். சேற்றில் புதைந்து அது படகைப் பிடித்துக்கொள்ளும். குண்டை இறக்கிய பிறகு நான் குக்கர் வைத்தேன். இரண்டே பர்னர் உள்ள கேஸ் அடுப்பு. விசில் அடித்ததும் ஏரி முழுக்கக் கேட்டது. பக்கத்துப் படகிலிருந்த வயதான தம்பதி, ஏதோ ஆபத்து என்று சின்னத் தோணியில் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். பருப்புச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் தேனிலவுக்கு வந்ததும் இதே ஏரிக்குத்தானாம். மண்ணெண்ணெய் விளக்குகளை மட்டும் நம்பிய பாய்ப்படகில் வந்ததாகச் சொல்லி, அந்த அம்மா என் அடுப்பைப் பொறாமையோடு பார்த்தார்.

மறுநாள் ரான்வொர்த். தேவாலயக் கோபுரத்தில் 89 படி, அதற்கு மேல் ஏணி, கடைசியில் தலையால் முட்டித் திறக்கும் ஒரு கதவு. மேலே நின்றால் பச்சை நாணலுக்கு நடுவே ஏரிகள் கண்ணாடித் துண்டுகளாகக் கிடக்கின்றன. இவற்றை இயற்கை ஏரிகள் என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர், ஏரியடி மண்ணை வரிசையாகத் துளையிட்டு எடுத்துப் பார்த்தார். ஏரிகளின் பக்கங்கள் சுவர்போல் செங்குத்தாக இருந்தன. மண்வெட்டி இறங்கிய பக்கங்கள் அவை. இடைக்காலத்து மக்கள் விறகுக்குப் பதிலாக எரிக்க, இங்கிருந்து கரிச்சேற்றைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு கடல்மட்டம் உயர, குழிகளில் தண்ணீர் ஏறி ஏரிகளாகிவிட்டன. ஏரி என்றாலே மனிதக் கை கட்டியது என்று பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய வியப்பில்லை. ஆனால் நாம் வெட்டியது தண்ணீருக்காக. இவர்கள் வெட்டியது தீக்காக. தண்ணீர் தானாக வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் பாட்டர் ஹைகம் பாலம். இடைக்காலக் கல் பாலம், நடு வளைவு மிகத் தாழ்வு. வாடகைக்கு எடுத்தவர்கள் தாங்களே ஓட்டக் கூடாது, அங்கே காத்திருக்கும் வழிகாட்டியிடம் படகை ஒப்படைக்க வேண்டும் என்று துறையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வழிகாட்டி ஏறி, நீர்மட்டப் பலகையை ஒரு பார்வை பார்த்தார். முன்கண்ணாடியை மடக்கினார், மேற்கூரையைப் பின்னால் தள்ளினார், எங்களைத் தரையில் உட்காரச் சொன்னார். கைகள் மடியில் இருக்கட்டும் என்றார். மெதுவாகப் போவார் என்று நினைத்தேன். மாறாக வேகத்தைக் கூட்டினார். வேகம் இருந்தால்தான் சுக்கான் பேச்சைக் கேட்குமாம். வெளிச்சம் போய் ஈரக் கல்லின் குளிர்ச்சி நெற்றியில் பட்டது. அண்ணாந்து பார்த்தபோது வளைவின் கல்லில் வெள்ளை, நீலம், சிவப்பு என்று பெயின்ட் தீற்றல்கள் தெரிந்தன. உரசிப்போன படகுகள் விட்டுப்போன வண்ணங்கள். மூன்று மூச்சுக்குள் வெயிலுக்கு வந்துவிட்டோம். என் மகன் இன்னொரு தடவை என்று அழுதான்.

இன்று பெரிய வாடகைப் படகுகளில் பல அந்தப் பாலத்தடியில் போக முடிவதில்லை. பாலத்துக்கு அப்பால் இருக்கும் ஹிக்லிங், ஹார்ஸி ஏரிகளுக்கு அவை வருவதில்லை.

ஐந்தாம் இரவு எங்கள் தவறு ஒன்று நடந்தது. பியூர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஸ்டோக்ஸ்பி கிராமத்தில் படகைக் கட்டினோம். அங்கே கடலின் ஏற்றவற்றம் நன்றாகத் தெரியும். படகு அசையக் கூடாது என்று இவர் இரண்டு கயிறுகளையும் விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டார். நள்ளிரவு தாண்டித் தண்ணீர் வற்றத் தொடங்கியது. படகு கூடவே இறங்க முடியாமல் கயிற்றில் தொங்கி, ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. அலமாரியிலிருந்து தம்ளர்கள் ஒவ்வொன்றாக விழுந்த சத்தத்தில்தான் விழித்தோம். மகள் கட்டிலிலிருந்து உருண்டுவிட்டாள். முடிச்சு இறுகிப்போய் விரல் நுழையவில்லை. அதற்குள் அடுத்த படகிலிருந்து ஒருவர் டார்ச்சோடு ஓடி வந்தார். முடிச்சை இழுக்காதீர்கள் என்று தடுத்து, தன் கயிறு ஒன்றைப் போட்டுப் படகின் பாரத்தை அதில் தாங்கிக்கொண்டார். பிறகு எங்கள் முடிச்சைத் தளர்த்தி, விரல் விரலாகக் கயிற்றை விட்டார். படகு பெருமூச்சு விட்டதுபோல் தண்ணீரில் அமர்ந்தது. கயிற்றை நீளமாகச் சாய்த்துக் கட்டி, தண்ணீரோடு ஏறி இறங்க இடம் விட வேண்டும் என்று அந்த இருட்டில் நின்று சொல்லிக்கொடுத்தார். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. காலையில் பார்த்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார்.

நாங்கள் ஏறிய அந்த மாதிரிப் படகுகள் அப்போதே விடைபெற்றுக்கொண்டிருந்தன. ஃபைபர் கிளாஸ் படகு வந்துவிட்டது. அதற்கு ஆண்டுதோறும் சுரண்டி வார்னிஷ் பூச வேண்டாம், பலகை இடுக்கு அடைக்க வேண்டாம். ஷவர், வெப்பமூட்டி எல்லாம் உண்டு. துறைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில மாதத்து வாடகையில் வருடம் முழுக்கப் பிழைக்க வேண்டியவர்கள். ஆனாலும் மழை இரவில் மரப் படகுக்குள் படுத்துக் கூரையில் விழும் துளிச் சத்தத்தைக் கேட்டவளுக்கு, பிளாஸ்டிக் கூரையில் அது வெறும் இரைச்சல்தான்.

அதனால்தான் இம்முறை லட்ஹம் கிராமத்திலிருக்கும் ஹன்டர்ஸ் யார்டுக்குப் போனோம். பெர்சி ஹன்டரும் அவர் மகன்களும் 1930-களில் கட்டிய மகாகனிப் பாய்ப்படகுகள் அங்கே இன்றும் வாடகைக்கு ஓடுகின்றன. எஞ்சின் கிடையாது. 1968-ல் நார்ஃபோக் கவுண்டி மன்றம் அவற்றை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படகோட்டக் கற்றுக்கொடுத்தது. 1990-களில் விற்றுவிட முடிவெடுத்தபோது ஊரார் திரண்டு அறக்கட்டளை அமைத்துக் காப்பாற்றினார்கள். கொட்டகையில் நின்ற லல்லபை என்ற படகைக் கண்டதும் மகள் ஓடினாள். ஆர்தர் ரான்சம் 1934-ல் எழுதிய 'கூட் கிளப்' கதையை பி.பி.சி. 1984-ல் தொடராகக் காட்டியது. அதில் 'டீஸல்' (Teasel) என்ற படகாக நடித்தது இதுதான். எங்கள் படகுப் பயணத்துக்கு அவள் அடம்பிடித்ததற்குப் பாதிக் காரணம் அந்தத் தொடர்.

பாயோட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் தனியாகக் கொடுப்பார்கள். நாங்கள் படகோட்டி ஒருவரோடு வொமாக் ஓடை வழியாகக் கிளம்பினோம். மரங்கள் காற்றை மறைத்த இடத்தில் அவர் நீண்ட ஊன்றுகழியை எடுத்து, நுனியைத் தோளில் வைத்து, படகின் ஓரப் பலகையில் பின்னோக்கி நடந்து தள்ளினார். பிச்சாவரத்தில் பார்த்த அதே நடை. தர்ன் ஆற்றில் திரும்பியதும் பாய் நிறைந்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் சுக்கான் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நீ பிடி" என்று பேரனைப் பார்த்துச் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவர் திரும்பி உட்கார்ந்து கயிறு சுருட்டத் தொடங்கினார்.

திரும்பி வந்து துறையில் கட்டும்போது திருச்சியிலிருந்து என் கணவர் போன் செய்தார். வயது 80, முழங்கால் வலியால் வரவில்லை.

"கிரீஸ் திருகினீங்களா?"

"இதுல எஞ்சினே இல்லீங்க."

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "கயிறு?" என்றார் பிறகு.

பேரன் போனை வாங்கிக்கொண்டான். "தாத்தா, நான்தான் கட்டினேன். கொஞ்சம் விட்டுத்தான் கட்டியிருக்கேன்."

(அடுத்த பகுதி: பிரெய்டன் நீர்ப்பரப்பைக் கடந்த காலை)