துள்ளுற இஞ்சினுக்கு ஒரு கடிவாளம்

ஹார்ஸ்பவர் பத்திப் பேசுறவங்க நிறைய. அத்தனை குதிரையையும் எதுல கட்டி வெச்சிருக்காங்கன்னு பேசுறவங்க கம்மி. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கார் பிடிக்காதவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க, உயிர் சம்பந்தப்பட்ட மேட்டர் இது.

நான் இருக்கறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவர் கராஜுல ஒரு 1967 கமாரோ, 396 கன அங்குல வி8. ஆகஸ்ட் மாச உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு அதைத் தன்னோட 19 வயசுப் பேத்தி ஓட்டணும்னு அவருக்கு ஆசை. ஆனா சாவியைக் கொடுக்க மாட்டேங்கறார். ஏன்னு கேட்டா, "முதல்ல இடது பக்க மவுண்டைப் பாக்கணும்"கறார்.

இஞ்சின் மவுண்ட்னா ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவுல ஒட்டின ரப்பர். கிராங்க் ஒரு பக்கம் சுத்தினா இஞ்சின் பிளாக் எதிர்ப்பக்கம் புரளப் பாக்கும், நியூட்டனோட மூணாம் விதி. இந்த வண்டியில டிரைவர் பக்கம், அதாவது இடது பக்கம் மேல எழும்பும். வலது பக்கம் கீழ அமுங்கும். ரப்பர் நசுக்கறதைத் தாங்கிடும். வருஷக்கணக்கா இழுத்தா ஒட்டு விட்டுடும்.

எவ்வளவு இழுக்கும்? இந்த இஞ்சின்ல 375 குதிரைசக்தி ரகத்துக்குக் கம்பெனி சொன்ன டார்க் 415 பவுண்டு-அடி. கியர்பாக்ஸும் இஞ்சினோட சேர்த்து போல்ட் போட்டிருக்கறதால, முதல் கியர் விகிதமான 2.52-ஆல பெருக்கணும். சுமார் 1,046 பவுண்டு-அடி! அத்தனையும் அந்த ரப்பர்கள் தலையிலதான்.

ரப்பர் பிஞ்சா சத்தம் வரும், அவ்வளவுதானேன்னு தோணும். இல்லீங்க. அந்தக் காலத்து வண்டிகள் பலதுல ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து கார்புரேட்டருக்குப் போறது வளையாத கம்பி. இஞ்சின் எழும்பினா கம்பி தானா த்ராட்டிலைத் திறந்துவிடும். த்ராட்டில் திறந்தா டார்க் கூடும், இஞ்சின் இன்னும் எழும்பும். நீங்க காலை எடுத்தாலும் வண்டி நிக்காது. த்ராட்டில் முழுசா திறந்தா வேக்குவமும் குறையும், பவர் பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்.

இது கற்பனை இல்ல. 1971 டிசம்பர்ல ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் செவர்லே வண்டிகளை இதுக்காகவே திரும்பக் கூப்பிட்டுது. அதுவரை நடந்ததுலயே பெரிய ரீகால். அவங்க செஞ்ச வைத்தியம் என்ன தெரியுமா? ஒரு பிராக்கெட், ஒரு இரும்பு கேபிள். மவுண்ட் பிஞ்சாலும் இஞ்சின் ஓரளவுக்கு மேல எழும்பாது.

பெரியவர் ஆயில் பேனுக்கு அடியில மரக்கட்டை வெச்சு ஜாக்கால லேசா தூக்கினார். இடது மவுண்ட் வாயைத் திறந்துச்சு. ரப்பர் தனி, தகடு தனி. பேத்தி முகத்துல ஈயாடல.

அவரோட நண்பர் ஒருத்தர், "பேசாம ரப்பரே இல்லாத இரும்பு மவுண்டைப் போடு, ஜென்மத்துக்கும் அசையாது"ன்னார். ரேஸ் வண்டிக்கு அது சரி. ரோட்டுல ஓட்டினா இஞ்சின் நடுக்கம் மொத்தமும் பாடிக்கு வரும், ஸ்டியரிங்குக்கு வரும். பாலியூரித்தேன் மவுண்ட் நடுத்தரம். பெரியவர் தேர்ந்தெடுத்தது, ரப்பர் பிஞ்சாலும் ரெண்டு இரும்பும் ஒண்ணையொண்ணு கவ்விக்கிற ரகம். கூடவே ஒரு கேபிள், கொஞ்சம் தளர்வு விட்டு. இஞ்சின் மூச்சு விடணும், எகிறக் கூடாது.

"வேகத்தைப் பாத்து எனக்குப் பயமில்ல. காலை எடுத்தா அடங்கணும், அதான் வேணும்"னார். எனக்கு மனசுல அப்படியே பதிஞ்சுடுச்சு.

மவுண்டைப் பேத்தியை வெச்சே மாத்தினார். ஒரு சனிக்கிழமை முழுக்க, கை நெறைய கிரீஸ். சாயங்காலம் மறுபடி ஜாக் வெச்சு அவளே தூக்கிப் பாத்தா. வாய் திறக்கல. அப்புறம்தான் சாவி கைமாறிச்சு.

பழைய வண்டி வாங்கறவங்க பெயிண்டைப் பாப்பாங்க, சத்தத்தைக் கேப்பாங்க. குனிஞ்சு அந்த இடது மவுண்டையும் ஒரு தடவை பாத்துடுங்க சாமிகளா :-)