பொதுக் கருவிக்கூடத்திற்கு யாம் சென்றமை

எம் கல்லூரி இரசாயனக் கூடத்தில் தராசுண்டு, உலையுண்டு, கண்ணாடிக் குழாய்கள் ஏராளமுண்டு. எக்ஸ் கதிர்க் கருவி மட்டும் இல்லை. இதனைக் குறையாகக் கூறுகின்றோமில்லை. அதன் விலை ஒரு சிறு கல்லூரியின் கையிருப்பை விழுங்கிவிடும். அதுபற்றியன்றோ அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை சென்னை, மும்பை, இலக்னோ முதலிய நகரங்களில் பல கல்லூரிகளுக்கும் பயன்படும் நுண்கருவிக் கூடங்களை ஏற்படுத்தியிருக்கின்றது! கட்டணஞ் செலுத்திப் பொருளை அனுப்பினால், முறை வரும்போது அளந்து விடையனுப்புவர்.

சென்ற ஆண்டு யாம் மூவர் துத்தநாக ஆக்ஸைடுப் பொடி செய்து, சிறு குப்பியிலிட்டு, அத்தகைய கூடமொன்றிற்குத் தபாலில் விடுத்தோம். ஆறு வாரங் கழித்து ஒரு வரைபடம் வந்தது. 31.8, 34.4, 36.3 பாகைகளில் மூன்று முகடுகள். துத்தநாக ஆக்ஸைடுக்குரிய அடையாளம் அவையே. ஆனால் 38.5, 44.7 பாகைகளில் அழையா விருந்தினராய் இரண்டு சிறு முகடுகளும் நின்றன. புதியதோர் சேர்மத்தைக் கண்டோமென்று எம்முள் ஒருவர் துணிந்தார், ஏனையோர் மறுத்திலேம். கட்டுரையில் அதற்கென ஒரு பத்தியும் எழுதினோம். உண்மையுரைப்பின், கட்டுரை முழுவதிலும் எமக்கு மிக இனித்தது அப்பத்தியே.

ஆசிரியர் அதனைப் படித்து, வேறொன்றுங் கூறாது, "மறுமுறை பொடியை நீங்களே கொண்டுபோங்கள்" என்றார். இரவு இரயிலேறினோம். (கட்டணத்தினும் இரயிற் செலவே மிகுதி. ஆயினும் வகுப்பிற்கொரு முறையேனும் மாணவர் அங்கே சென்று அருகிருந்து காணல் வேண்டுமென்பது எம் கருத்து. பழைய மாணவர்கள் இதற்கு உதவுவாராக.)

கருவியை நடத்தும் அம்மையார் எம் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவ்வளவுதானா, தம்பிகளே?" என்றார். பின்பு நடுவே குழிவுடைய அலுமினியத் தகடொன்றைக் காட்டினார். குழிவில் பொடியை நிரப்பிக் கண்ணாடிச் சில்லால் சமன்செய்தே கதிரின்முன் வைப்பராம். பொருளின் அணுவடுக்குகள் கதிரை எக்கோணத்தில் வலுவாய்த் திருப்புகின்றன என்று பார்த்து அப்பொருளை அறிதல், 1915-இல் நோபெல் பரிசு பெற்ற பிராக் என்னும் தந்தையும் மைந்தரும் காட்டிய வழி. பொடி போதாவிடின் கதிர் அதனை ஊடுருவித் தகட்டையும் தொடும். தகட்டின் முகடுகளும் உடன் பதியும். அம்மையார் வெறுந்தகட்டை வைத்து அளந்தார்: 38.5, 44.7.

யாம் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினோமில்லை.

பொடி சிறிதாயின் முகடு காட்டாதவாறு வெட்டிய சிலிக்கன் தகடுண்டென்றும், விண்ணப்பச் சீட்டில் எழுதியிருந்தால் முன்னரே அதிலிட்டு அளந்திருப்பரென்றும் அவர் கூறினார். அச்சீட்டில் 'குறிப்பு' என்ற இடத்தை யாம் வெறுமையாய் விட்டிருந்தோம். இம்முறை சிலிக்கன் தகட்டில் அளந்தனர். அவ்விரு முகடுகளும் இல்லை. ஊர் திரும்பும் வழியில் இரயிலிலேயே அப்பத்தியை அடித்துவிட்டோம்.